அக்கா வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சாலை

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போகும் மாநில நெடுஞ்சாலை என் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் போகிறது. அரசாங்க வரைபடத்தின்படி அது வீட்டுக்கு முன்னால் போகிறது. இரண்டுமே சரி. இப்படி ஒரு வாக்கியத்தோடு செய்தி வந்தால் நான் வேலை பார்த்த பத்திரிகையில் அதை எழுதியவரைக் கூப்பிட்டு, "ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவோம். நானே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோவில்பட்டியில் கிளம்பும்போது அது நெடுஞ்சாலை மாதிரியே இருக்காது. கடலை மிட்டாய்க் கடைகளுக்கும் தீப்பெட்டி லோடு ஏற்றக் குறுக்கே நிற்கும் லாரிகளுக்கும் நடுவே, கிடைத்த இடத்தில் நெளிந்து வெளியே வரும். நான்குவழிச் சாலையைத் தாண்டியதும் கட்டிடங்கள் தீர்ந்து, இரண்டு பக்கமும் கரிசல் தொடங்கிவிடும். எட்டயபுரத்தில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ஓடுகிற பெரிய சாலையைக் குறுக்கே கடக்கும். பிறகு உடைமரம், மக்காச்சோளம், மின்சாரக் காற்றாடிகள், மறுபடியும் உடைமரம். விளாத்திகுளத்தில் வைப்பாற்றைப் பார்க்கும். பெரும்பாலான மாதங்களில் பார்ப்பதற்கு மணல்தான் இருக்கும். அதற்கும் அப்பால் குளத்தூர்ப் பக்கம் திரும்பினால் உப்பளங்களின் வெள்ளை தெரியும். கிழக்கேயிருந்து உப்பு வரும், மேற்கேயிருந்து சிமென்டும் உரமும் போகும். மாசி பங்குனியில் சாலையின் ஓரப்பாதி மிளகாய் வற்றலுக்குச் சொந்தம். பேருந்து ஓட்டுநர்கள் அதை ஏற்றுக்கொண்டு மீதிப் பாதியில் ஓட்டுவார்கள்.

இந்தச் சாலையைப் பற்றி நான் எழுதிய செய்திகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. லாரி கவிழ்ந்தது, பாலம் உள்வாங்கியது, மறியல் நடந்தது, போக்குவரத்து பாதிக்கப்பட்டது. சாலை எப்படி வந்தது என்று எழுதியதில்லை. ஒருமுறை எழுத நினைத்து ஊரில் விசாரித்தேன். ஜமீன் போட்ட சாலை என்றார் ஒருவர். பஞ்சு ஏற்றுவதற்கு வெள்ளைக்காரன் போட்டது என்றார் இன்னொருவர். டீக்கடையில் இருந்த மூன்றாமவர், "யாரும் போடல அண்ணாச்சி. எங்க தாத்தா மாடு நடந்து நடந்து போட்டுச்சு. நாங்க கேஸ் போட்டா இந்த ரோடே எங்க மாட்டுக்குத்தான் வரும்" என்றார். கடையே சிரித்தது. அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை.

அக்காவின் ஊர் எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் இருக்கிறது. அங்கே சாலை திடீரென்று வடக்கே வளைந்து, ஒரு வரிசை வீடுகளைப் பின்னாலிருந்து சுற்றிவிட்டு மறுபடியும் நேராகும். அந்த வளைவு எப்படி வந்தது என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்து இல்லை. பழைய வண்டிப்பாதை வீடுகளுக்கு முன்னால், நேராகத்தான் போனது. அது தாழ்ந்த தரை. ஐப்பசி மழை விழுந்தால் கரிசல் பிசைந்த மாவாகிவிடும். வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கும். அப்போது வண்டிக்காரர்கள் மாட்டைத் திருப்பி, அடுத்திருக்கும் புஞ்சையின் வரப்போரமாகச் சுற்றிப் போவார்கள். புஞ்சைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நாளைக்கு அவர் வண்டியும் வேறொருவர் புஞ்சையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஈரம் உலர்ந்ததும் அவர் அந்தத் தடத்தை உழுதுவிடுவார், வண்டிகள் பழைய பாதைக்குத் திரும்பும். இந்தப் பக்கத்தில் பாதைகள் இப்படித்தான் மழைக்கு ஒரு பக்கமும் வெயிலுக்கு ஒரு பக்கமுமாக இருந்திருக்கின்றன.

ஆனால் இந்த ஊரில் வீடுகளுக்குப் பின்பக்கம் சரளைத் தரை. அங்கே ஏறிய வண்டிகள் திரும்பி வரவில்லை. பிறகு கல் போட வந்தவர்களும் தார் ஊற்ற வந்தவர்களும், வண்டி எங்கே போகிறதோ அங்கேயே போட்டுவிட்டார்கள். வரைபடத்தை யாரும் மாற்றவில்லை. முன்னால் இருந்த பழைய பாதை ஆள் நடக்கிற தெருவாகச் சுருங்கியது. அதன் மறுபக்கம் வெறும் புஞ்சை. காலப்போக்கில் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தெருவுக்குள் கொஞ்சம் முன்னே வந்தார்கள்.

என் அத்தானும் வந்தார். பழைய வீட்டுக்கு முன்னால் ஒரு முன்கட்டு எடுத்தார். பட்டாசல் என்று சொல்லும் முன்கூடம், அதற்கு டைல்ஸ், இரும்புக் கேட், கேட்டுக்கு இரண்டு பக்கமும் தூண். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைக்கக் கட்டியது அது. அத்தான் காலமான பிறகு அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். மகள் கோயம்புத்தூரில். நான் கோவில்பட்டியில்.

போன ஆண்டு கோடை முடியும் சமயத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஏலே, வீட்டுல பெயின்ட் அடிச்சிட்டுப் போயிட்டானுவ."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா உனக்கு எதுக்கு போன் போடுதேன்?"

போய்ப் பார்த்தேன். பின்சுவரில், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் அம்பு ஒன்று இருந்தது. அது வீட்டுக்குள்ளே காட்டியது. முன்பக்கம் கேட் தூணில் சிவப்புக் கோடு ஒன்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தன. மஞ்சளை அடித்தபோது அக்கா வீட்டில் இல்லை. சிவப்பை அடித்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "ரோடு வருதும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். "ரோடு பின்னாலல்லா இருக்கு?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். "அது இப்ப இருக்குது. இது வருது" என்று பதில் வந்திருக்கிறது.

காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காற்றாடிகளுக்கு இறக்கை கொண்டுவரும் லாரிகள். அந்த இறக்கை ஒரு தெரு நீளம் இருக்கும். அது வளைவில் திரும்பும்போது முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள் விசிலடித்துக்கொண்டு நடப்பார்கள். ஊரே கூடி நிற்கும். இறக்கையின் நுனி அக்காவின் துணிக்கொடியைத் தாண்டிப் போகும். ஆகவே வளைவை ஏதாவது செய்ய வேண்டும். வளைவை அகலப்படுத்தினால் வீடுகளின் பின்பக்கம் போகும். வளைவை விட்டுவிட்டுப் பழைய நேர்ப்பாதைக்கே சாலையைக் கொண்டுபோனால் முன்பக்கம் போகும். மஞ்சளா சிவப்பா என்பதுதான் கேள்வி.

அக்காவுக்கு அந்தக் கேள்விக்கு ஐப்பசிக்குள் பதில் வேண்டும். அதற்கு அவள் சொன்ன காரணம் வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகப் படலாம். கரிசலில் வீடு கெட்டியாக நிற்பதில்லை. மழைக்கு மண் உப்பி வீட்டைத் தூக்கும். வெயிலுக்குச் சுருங்கி இறக்கும். எத்தனை மணல் கொட்டி அடித்தளம் போட்டாலும் சுவரில் விரல் கனத்துக்கு ஒரு கீறல் வந்து போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஜேசிபி ஒரு மூலையைத் தட்டினால் அடி அந்த மூலையோடு நிற்காது. வீடு முழுக்க ஓடும். அதனால் போக வேண்டிய பகுதியை வீட்டுக்காரர்களே ஆள் வைத்து, மேலேயிருந்து ஒவ்வொரு கல்லாகக் கையால் பிரித்துவிடுவார்கள். நின்ற பகுதிக்கு ஒரு புதுச் சுவர் எழுப்பி மூடுவார்கள். அதையும் மண் காய்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். ஈரத்தில் பிரித்தால் பாதி எடை இறங்கிய வீடு ஒரு பக்கமாகச் சாயும்.

"எந்தப் பக்கம் பிரிக்கணும்னு நீ கேட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. "தப்பான பக்கத்தைப் பிரிச்சிட்டா, மிச்சத்தை அவன் வந்து இடிப்பான். அப்புறம் நான் எங்கன போவேன்?"

"கேட்டுரலாம்க்கா. இது ஒரு விஷயமா?"

எனக்கு அது ஒரு போன் வேலையாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டு மதினி சுவர் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பேப்பர்காரத் தம்பி வந்தாச்சுல்லா, இனிமே கலெக்டரே வந்து பெயின்டை அழிச்சிட்டுப் போவாரு" என்றாள்.

சாலைப் பணி அலுவலகத்தில் ஓர் இளம் பொறியாளர் இருந்தார். மரியாதையாக உட்காரவைத்து, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் எங்கள் ஊர் மேலேயிருந்து தெரிந்தது. அதன் மேல் மஞ்சள் கோடு ஒன்று வளைந்து போனது, சிவப்புக் கோடு ஒன்று நேராகப் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிறங்களுக்காவது ஓர் அர்த்தம் இருக்கிறது.

"இதுல எது சார் வரப்போகுது?"

"ரெண்டையும் அனுப்பியிருக்கோம் சார்."

"எது வரும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கக் கூடாது சார்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வளைவுதான் செலவு கம்மி" என்றார். எழுந்து வாசல் வரை வந்தவர், "ஆனா நேர்க்கோட்டுல இடம் ஏற்கெனவே நம்மது" என்றார். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு சொன்னார்.

அடுத்து நில அளவைக்காரர். அவரை ஊருக்கே அழைத்து வந்தோம். அத்தானின் முன்கட்டு வீட்டு மனையில் இருக்கிறதா, பழைய பாதையில் இருக்கிறதா என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைத்தேன். அவர் தெரு முனையில் உடைமரப் புதருக்குள் இருந்த எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து சங்கிலியை இழுத்தார். முன்கட்டில் பாதி பாதைக்குள் இருந்தது. சந்தேகமாக இருந்ததால் மறுமுனையில் இருந்த கல்லிலிருந்து இழுத்துப் பார்த்தார். முன்கட்டு முழுவதும் மனைக்குள் வந்துவிட்டது.

"எப்படி அண்ணாச்சி?" என்றேன்.

"கல்லு நடந்திருக்கு" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கரிசல் ஒவ்வொரு வருஷமும் வெடித்து மூடுவதில், ஊன்றிய கல் சாய்ந்து சாய்ந்து இடம் மாறிவிடும் என்றார்.

"எந்தக் கல்லு நடந்திருக்கு?"

"ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கும். ரெண்டும் நடந்திருந்தாலும் ஆச்சரியமில்ல. எதுக்கும் மூணாவது கல்லு ஒண்ணு இருக்கணும், அதைத் தேடணும்."

மூன்றாவது கல் கிடைக்கவில்லை. மதினி அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தாள். "நடந்துபோன கல்லு பஸ் ஏறி விளாத்திகுளம் போயிருக்கும். அங்கன போய்த் தேடச் சொல்லுங்க."

இறக்கை லாரிகளோடு வரும் மேற்பார்வையாளரை டீக்கடையில் பிடித்தேன். வட இந்தியர்; நன்றாகத் தமிழ் பேசினார். அவருக்கு எந்தப் பக்கமானாலும் சம்மதம். "எங்க வண்டி திரும்பணும், அவ்வளவுதான். மார்ச்சுக்கு அப்புறம் எங்களுக்கு இங்க வேலையே இல்ல" என்றார். அப்படியானால் இந்தச் சாலை யாருக்காக என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "மக்களுக்கு."

குறிப்புகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது என் தொழில் பழக்கம். வரிசைப்படுத்தினேன். முன்னால் வரும் என்பதற்கு எவ்வளவு காரணம் இருந்ததோ அவ்வளவு பின்னால் வரும் என்பதற்கும் இருந்தது. ஒரு விபத்துச் செய்தியில் இரண்டு ஓட்டுநர்களும் மற்றவர் மேல் தப்பு சொன்னால் 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்று முடித்துவிடலாம். அக்காவிடம் அப்படி முடிக்க முடியவில்லை.

புரட்டாசி பிறந்துவிட்டது. சுற்றிலும் விதைப்புக்கு உழுது போட்டிருந்தார்கள். அக்கா கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாள். அவர் வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கேட்டின் அருகே வந்து நின்றார்.

"முன்னாலயா, பின்னாலயா? சொல்லுங்க அண்ணாச்சி. ஐப்பசி பொறந்துட்டா நான் கை வைக்க மாட்டேன். அப்புறம் சுவரு என் தலையிலதான் விழும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னேன். இடம் ஏற்கெனவே அரசாங்கத்துடையது என்பதால் முன்னால் வர வாய்ப்பிருக்கிறது, செலவு குறைவு என்பதால் பின்னால் வர வாய்ப்பிருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை. கையைக் காட்டி, முடிந்தவரை தெளிவாகத்தான் சொன்னேன். கொத்தனார், "சரி, நீங்க பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கப் போனார்.

மதினி தன் வீட்டைத் தொடப்போவதில்லை என்றாள். "நாம ஏன் பிரிக்கணும்? அவன் வந்து இடிக்கட்டும். அவன் இடிச்சாத்தான நாம போய்க் கேக்க முடியும்? நாமளே இடிச்சிட்டு நின்னா, யாரு இடிச்சான்னு நம்மளையே கேப்பான்." அதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு நான் கேட்ட எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது.

அக்கா அடுப்படிக்குப் போனாள். டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என்னிடம், "ரோடு எங்கன வரும்னு கேக்கதை விடு. எது போனா நான் இருப்பேன்னு பாரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பட்டாசல் போனா அடுப்படியில படுத்துக்கிடுவேன். அடுப்படி போனா பட்டாசல்ல உலை வைக்க முடியுமா? தண்ணிக் குழாயும் பின்னாலதான வருது. முன்னால என்ன இருக்கு? நாலு நாற்காலி, உங்க அத்தான் போட்டோ. போட்டோவை எங்கன மாட்டினாலும் அவிய சிரிப்பாவ."

"பின்னால ரோடு வந்துட்டா?"

"வந்தா ரெண்டும் போச்சு. அதுக்கு நீ இருக்கேல்லா."

கொத்தனார் மறுநாளே தொடங்கினார். முதலில் அத்தான் படத்தை இறக்கினார்கள். பிறகு கேட். நான்கு ஆட்கள், கூரையிலிருந்து கீழ்நோக்கி. கற்களைத் தெருவோரம் அடுக்கினார்கள். டைல்ஸைப் பெயர்க்க முடியாமல் பெரும்பாலானவை உடைந்தன. அக்கா உடையாததை மட்டும் பொறுக்கிக் கழுவி, அடுப்படி ஓரத்தில் சாய்த்து வைத்தாள். முன்கட்டு இருந்த இடத்தில் தரை வேறு நிறமாகத் தெரிந்தது. நின்ற பகுதிக்குச் செங்கல் சுவர் எழுப்பி, சின்னதாக ஒரு கதவு வைத்து முடித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மழை வந்தது. போனில் அக்கா மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "வீடு ஒழுகல லே!"

கார்த்திகை, மார்கழியில் ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் அம்பு மழையில் பாதி கரைந்தது. நான் அக்காவுக்கு இந்த வயதில் தவறான வழி காட்டிவிட்டோமோ என்று நினைப்பேன். அப்புறம், வழியே காட்டவில்லையே என்று நினைப்பேன். எது மோசம் என்று தெரியவில்லை.

பொங்கல் கழிந்து மக்காச்சோளம் அறுப்பு முடிந்த பிறகு எந்திரங்கள் வந்தன. முன்பக்கம் வந்தன. பழைய நேர்ப்பாதையில் கரிசலை ஆள் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டு, லாரி லாரியாகச் சரளை கொட்டினார்கள். வளைவை அப்படியே விட்டுவிட்டார்கள். பேருந்துகள் ஊருக்குள் வர அது வேண்டும் என்று சொன்னார்களாம். ஆக அக்கா வீட்டுக்கு இப்போது முன்னாலும் சாலை, பின்னாலும் சாலை. இரண்டுக்கும் ஒரே பெயர்.

ஜேசிபி அக்காவின் வாசலில் நிற்கவே இல்லை. அங்கே தட்ட ஒன்றும் இல்லை. அடுத்த வாசலில் நின்றது. மதினி வீட்டு முன்சுவரை ஒரே இழுப்பில் சாய்த்தது. அப்போது கிளம்பிய கீறல் பட்டாசலைக் கடந்து, நடு அறையைக் கடந்து, பின்பக்கம் வரை ஓடியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது மதினியின் நடு அறைச் சுவருக்குள் என் உள்ளங்கை நுழைந்தது. அந்த வரிசையில் மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். புதுக் கீறல் இல்லாமல் நின்றது அக்காவின் அரை வீடு ஒன்றுதான்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாள். பின்பக்கம், பழைய வளைவின் ஓரத்தில், குடங்கள் வரிசையில் இருந்தன. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மதினிதான் தொடங்கினாள். வழக்கமான கேலி இல்லை.

"ஏந் தம்பி, எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"என்ன மதினி?"

"ரோடு முன்னாலதான் வருதுன்னு உங்களுக்குத் தெரியும். பேப்பர்ல இருக்கிய. உங்க அக்காவுக்கு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டிய. இத்தன வருசமா ஒரே குழாயில தண்ணி பிடிக்கோம்."

"மதினி, எனக்கே தெரியாது. தெரிஞ்சா சொல்லமாட்டேனா? அன்னைக்கு நீங்களும்தான நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"எங்க முன்னால நிக்கும்போது எல்லாருக்கும் சொல்லுத மாதிரிதான் சொல்லுவிய. உள்ள போனப்புறம் என்ன சொன்னியளோ."

இதை முடித்துவைக்க அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "என் தம்பிதான் சொன்னான். நான் என்ன கனவா கண்டேன்?" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "அக்கா, நான் எப்ப சொன்னேன்?"

"சொன்னியேலே. கேட்டுப் பக்கத்துல நின்னு, கையைக் காட்டி. இடம் அவனுவளுக்குள்ளது, முன்னாலதான் வரும்னு."

"பின்னால வர வாய்ப்பிருக்குன்னும் சொன்னேன்."

"அதெல்லாம் நீ சொல்லல."

"உலை வைக்கணும், தண்ணி பின்னால வருதுன்னு நீயாத்தான முடிவு பண்ணுன, அக்கா."

"நான் என்னத்தை முடிவு பண்ணுனேன்? ரோட்டு விஷயம் எனக்கு என்ன தெரியும்?" என்று அரிசி களையப் போய்விட்டாள். பொய் சொல்கிற முகமில்லை அது. பேருந்தில் திரும்பும்போது அந்த நாளை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். கையைக் காட்டியது நினைவிருக்கிறது. முன்பக்கமாகக் காட்டினேனா, இரண்டு பக்கமும் காட்டினேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எட்டயபுரம் வருவதற்குள், பின்பக்கம் பற்றி நான் பேசினேனா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இது இதோடு நின்றிருந்தால் அக்காவின் பெருமையாகப் போயிருக்கும். அடுத்த தண்ணீர் நாளில் ஊருக்குப் போனபோது மதினியும் இன்னும் இரண்டு பெண்களும் அக்கா வீட்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். சண்டைக்கு அல்ல.

"போனது போட்டும் தம்பி" என்றாள் மதினி. "பின்னால வளைவையும் அகலப்படுத்தப் போறதா பேசிக்கிடுதாவ. அந்த மஞ்ச அம்பு இன்னும் இருக்குல்லா. அதையாவது இப்பவே சொல்லிருங்க. வருமா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மதினி."

அவள் மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் தலையை ஆட்டினார்கள். "சரி. உங்களால சொல்ல முடியாதுன்னா சொல்ல வேண்டாம். வேலைக்கு ஆபத்துன்னா நாங்க வற்புறுத்த மாட்டோம்."

"வேலையிலேயே நான் இப்ப இல்ல."

"ஆமா, ஆமா" என்றாள் மதினி, ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல.

போன வாரம் காலையில் கொத்தனாரிடமிருந்து போன் வந்தது. பின்னால் கூரை ஓடு இறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, உங்க மதினி வீட்டுல நிக்கேன். அடுப்படியைப் பிரிக்கச் சொல்லுதாவ. பின்னாலதான? ஆரம்பிச்சிரலாமா?"

"யாரு சொன்னா பின்னாலன்னு?"

"நீங்க சொன்னதாத்தான் சொல்லுதாவ."

"நான் சொல்லல. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

"ஆமா, அப்படித்தான் சொன்னியளாம்" என்றார். "புரியுது அண்ணாச்சி." வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. அக்காவை அழைத்தேன். அவளும் எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வீட்டு அடுப்படிகளுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். மதினியின் அடுப்படியைப் பிரித்தால் அக்காவின் மிச்ச வீட்டை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டிருப்பது போய்விடும். விளாத்திகுளம் பேருந்தைப் பிடித்தேன்.

நான் இறங்கியபோது மதினி வீட்டு அடுப்படிக் கூரையில் பாதி வானம் தெரிந்தது. கொத்தனாரும் ஓர் ஆளும் சுவர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கீழே மதினி ஓடுகளைப் பிடித்து வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரின் இந்தப் பக்கம், திறந்திருந்த பின்கதவுக்குள், தன் அடுப்படியில், அக்கா அந்தச் சுவரில் இரண்டு கைகளையும் விரித்து ஊன்றிக்கொண்டு நின்றாள். அதைப் பிடித்து நிறுத்திவிட முடியும் என்பதுபோல.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றேன். கொத்தனார் நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஏலே, பின்னால ரோடு வரும்னு இவளுகிட்ட நீ சொன்னியா?"

"இல்லக்கா. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப முன்னால வரும்னு மட்டும் எனக்கு எப்படிச் சொன்ன?"

சுவர் மேலிருந்து கொத்தனார் கையில் பாதி ஓட்டோடு என் பதிலுக்காகக் காத்திருந்தார். மதினியும் காத்திருந்தாள். 'நான் சொல்லவில்லை' என்றால் அக்கா ஊர் முன்னால் பொய் சொன்னவளாவாள். 'சொன்னேன்' என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்றாகி அந்தச் சுவர் இறங்கும். பின்னால் வளைவில் ஒரு பேருந்து ஊதிக்கொண்டு திரும்பியது. அது போய் முடிகிறவரை எனக்கு நேரம் இருந்தது.